மூன்று சாமிக்கும் ஒரே தலை

நான் இப்போது சேலத்தில் சட்டம் படிக்கிறேன். கல்லூரியில் சேர்ந்த புதிதில், இந்தப் படிப்பை ஏன் எடுத்தீர்கள் என்று எல்லோரையும் வரிசையாக எழுப்பிக் கேட்டார்கள். ஏழைகளுக்கு நீதி, நாட்டுக்குச் சேவை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் முறை வந்தபோது, பத்து வயதிலேயே ஒரு வழக்கில் வாதாடி ஜெயித்தேன், அந்த ருசி விடவில்லை என்றேன். எதிர்த்தரப்பில் யார் என்று பேராசிரியர் கேட்டார். "மூணு சாமிங்க சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

எங்கள் ஊர் நாகலூர். அப்பா அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் எடுத்து, வேலை பிரித்துக் கொடுத்து, பறித்த பழத்தை எடை பார்க்கிறவர். அம்மா சீசனுக்கு அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போவாள். அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமன், பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அப்பாவின் அக்கா, என் அத்தை, மலையடிவாரத்தில் குப்பனூரில் வாழ்க்கைப்பட்டவள். இந்த நான்கு பேரும் நானும்தான் இதில் வருகிறவர்கள். சாமிகள் பிறகு வருவார்கள்.

இரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது போகவில்லை. கால் எலும்புக்குள் குடைச்சல் எடுத்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே உடம்பில் நீல நீலமாகக் கன்றிப் போனது. எஸ்டேட் டிஸ்பென்சரி, ஏற்காடு, சேலம் என்று மலையிலிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக இறங்கி, கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய் நின்றோம். ரத்தப் புற்றுநோய் என்று அங்கே சொன்னார்கள். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. கேட்கிறவர்களிடம் "ரத்தத்துல கொஞ்சம் கோளாறுங்க" என்பாள் அம்மா. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண்தான், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரிப்பதுபோல, உனக்கும் கேன்சரா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் என்னவென்று தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். குழந்தைகளுக்கு வரும் இந்த வகையைக் குணப்படுத்த முடியும். ஆனால் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தியம் நடக்கும். நடுவில் நன்றாகிவிட்டதுபோல இருக்கும், அதை நம்பி நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் திரும்பி வரும். அம்மா மற்றதையெல்லாம் மறந்துவிட்டாள். 'திரும்பி வரும்' என்பதை மட்டும் மறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு இடுப்பு வரை முடி. அம்மாவுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான். செம்பருத்தி இலை அரைத்துத் தேய்த்து, சாம்பிராணிப் புகை காட்டி, இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டுவாள். பஸ் ஸ்டாப்பில் நின்றால் யாராவது ஒரு பெண்மணி என் சடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உன்ர புள்ளைக்கு என்னத்தப் போட்டு முடி வளக்குற?" என்று அம்மாவைக் கேட்பாள். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். எனக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

வைத்தியம் தொடங்கிய இரண்டாவது வாரம், மருந்தின் வேகத்தில் ரத்த அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. அந்த வார்டில் எல்லா அம்மாக்களும் அதைக் கவுண்ட் என்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் "கவுண்ட் எவ்ளோ?" என்றுதான் கேட்பார்கள். கவுண்ட் இறங்கியதும் காய்ச்சல் ஏறியது. என்னைத் தனியாகக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் நினைவில்லை. குளிரில் பல் கிட்டியதும், கண்ணாடிக்கு வெளியே அம்மாவின் சேலை தெரிந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த வாரம் மறக்கவில்லை. அம்மா அறை வாசலை விட்டு நகரவில்லை. மாமா ரத்தம் கொடுக்க எஸ்டேட் ஆட்களைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வந்தார். அத்தை குப்பனூரில் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். டாக்டரம்மாவே கையை விரிக்கிற நிலைமைக்கு வந்து, பிறகு காய்ச்சல் விட்டது. நான் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றேன்.

அடுத்த வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. அம்மா சீப்பை வைத்தால் சீப்போடு வந்தது. அழுதுகொண்டே அதையெல்லாம் திரட்டி எடுத்துப் போனாள். நானும் அழுதேன். ஊசிக்குக்கூட நான் அப்படி அழவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போடும்போது சுருண்டு படுத்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன். சடை போனதற்கு ஒரு நாள் முழுக்க அழுதேன்.

முடி போனது ஒரு தடவையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சில மாதம் கழித்துப் பூனை ரோமம்போல முளைத்து வந்தது. அதைத் தடவித் தடவி நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், மறுபடி கடுமையான மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து, ஏற்றினால் மூத்திரமும் சிவப்பாகப் போகும். அதில் இரண்டாவது தடவை கொட்டியது. பிறகு மீண்டும் முளைத்தது. நோய் தலைக்கு ஏறாமலிருக்கக் கதிர் கொடுத்தார்கள், வார்டில் அதற்கு லைட் வைப்பது என்று பெயர், அதில் மூன்றாவது தடவையும் போனது. ஏற்காட்டுக் குளிர் மட்டும் எனக்கு ஓர் உபகாரம் செய்தது. கோயம்புத்தூரில் கம்பளிக் குல்லாவோடு போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாகலூரில் பஸ் டிரைவர் முதல் பால்காரர் வரை எல்லோர் தலையிலும் குல்லா. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வாந்தியை அடக்கி மலையேறி வருவேன். வந்து இறங்கியதும் யார் கண்ணுக்கும் நான் நோயாளி இல்லை.

இன்னொரு நோயாளியும் எங்கள் வீட்டில் இருந்தார். அது அப்பா.

அப்பா காப்பிக்காகவே பிறந்தவர். எஸ்டேட்டில் பொறுக்கி எடுத்த கொட்டையைத் தானே வறுப்பார். வறுக்கும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டார். காலையில் டிகாஷன் இறங்கும் வாசனையில்தான் நான் கண் விழிப்பேன். பொழுது சாய்வதற்குள் எத்தனை டம்ளர் உள்ளே போகும் என்பது அம்மாவுக்கும் அவருக்கும் தினசரித் தகராறு. அப்படிப்பட்ட மனிதர், நான் முதல் தடவை கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய அன்று, அம்மா நீட்டிய காப்பியை வாங்கவில்லை.

"வயித்துல புண்ணு இருக்குதாம். காப்பி ஆகாதுன்னுட்டாங்க" என்றார்.

அம்மாவுக்கு இது போதாதா? காப்பியோடு விட்டாளா? மிளகாயை நிறுத்தினாள், புளியை நிறுத்தினாள், தாளிப்பை நிறுத்தினாள். எனக்கென்று குழைய வேகவைத்த சோற்றையும் பருப்பையும் அப்பாவுக்கும் வைத்தாள். வருஷக் கணக்கில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உப்புச் சப்பில்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டோம். நான் தட்டைத் தள்ளினால், "நானும் இதைத்தான கண்ணு திங்கறேன்" என்பார் அப்பா. அது நியாயமாகப் படும். எனக்கு ஒரு கூட்டாளி இருந்ததில் ரொம்பத் தெம்பு. ஆபீஸில் மானேஜர் காப்பி கொடுத்தாலும் அப்பா வேண்டாமென்பாராம். மார்ச்சில் ஒரு மழை பெய்து தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்போது மட்டும், வேலைக்குப் போகிறவர் பாதையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விடுவார். வயிற்று வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படியே நாட்கள் போயின. இரவில் மாத்திரை, மாதா மாதம் கோயம்புத்தூர், கவுண்ட் இறங்கினால் பள்ளிக்கூடம் கிடையாது, ஏறினால் உண்டு. ஒரு மழைக்காலத்தில் டாக்டரம்மா ஃபைலை மூடிவிட்டு, இனி மருந்து வேண்டாம், சோதனைக்கு மட்டும் வந்தால் போதும் என்றார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அம்மா, "திரும்பி வராதுங்களே?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, நன்றாகத்தான் இருக்கிறாள், பயப்படாமல் போங்கள் என்றார். வராது என்று அவர் சொல்லவில்லை என்பதை அம்மா கவனித்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. எனக்கு என் தலைதான் முக்கியம். இந்தத் தடவை முளைத்த முடி விழவில்லை. காதை மூடியது, கழுத்தைத் தொட்டது. அடுத்த சித்திரை வந்தபோது ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சின்னச் சடை பின்ன முடிந்தது. எலி வால்தான். ஆனாலும் அது என் சடை. நான் குல்லாவைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சாமிகள் வந்தார்கள்.

எங்கள் பக்கம் வேண்டுதலை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை. நிறைவேறுகிற நாள் வரை மனசோடு வைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டால் பலிக்காது என்பார்கள். ஆகவே சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அத்தையும் மாமாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சேர்வராயன் எங்கள் மலைக்கே சாமி, மலை உச்சியில் குகைக்குள் இருக்கிறவர். கண்ணாடி அறைக்கு வெளியே நின்ற அன்று, பிள்ளை பிழைத்தால் அவள் முடியை இறக்கிக் காணிக்கை தருவதாக அவருக்கு வேண்டியிருக்கிறேன் என்றாள் அம்மா.

அத்தை கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள்.

"அதெப்படி கண்ணு? குப்பனூர் மாரியாத்தாளுக்கு நான் வேண்டி வெச்சிருக்கறனே. அதே வாரந்தான்."

மாமா தலையைச் சொறிந்தார். "ஏனுங்கக்கா, நான் பழனிக்கு நேந்துட்டனுங்களே. வண்டில ஆளுகளைக் கூட்டிட்டு வாரப்ப, பாதி வழி தாண்டையில வேண்டுனேன்."

மூன்று பேரும் என் தலையைப் பார்த்தார்கள். இருப்பது ஒரு தலை, அதில் இருப்பது ஓர் எலி வால். நான் சடையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினேன்.

பிறகு நடந்த பேச்சுவார்த்தையை இன்று நினைத்தாலும் என் கை தானாகத் தலைக்குப் போகும். முன் தலை ஒருவருக்கு, உச்சி ஒருவருக்கு, பிடரி ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடலாமா என்று மாமா கேட்டார். சாமிக்குப் பங்கு போடுவாயா என்று அத்தை அவரை அதட்டினாள். கடைசியில் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த வருஷம் சேர்வராயனுக்கு மொட்டை. முளைத்ததும் அடுத்த வருஷம் மாரியம்மனுக்கு மொட்டை. மறுபடி முளைத்ததும் பழனிக்கு மொட்டை. மூவருக்கும் இதில் பூரண திருப்தி. அதாவது இன்னும் மூன்று வருஷம் நான் மொட்டை. நோய் எடுத்துக்கொண்டதும் மூன்று வருஷம், பக்தி கேட்டதும் மூன்று வருஷம்.

மாமா அப்பா பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க எந்தச் சாமிக்கு வேண்டுனீங்க? இப்பவே சொல்லிப்போடுங்க. அதையும் வரிசைல சேத்துக்கலாம்."

அப்பா மோர் குடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு அதெல்லாம் தெரியாதப்பா. நான் அந்த டாக்டரம்மாவைத்தான் கும்பிட்டேன்" என்றார். பெற்ற பிள்ளைக்காக ஒரு வேண்டுதல்கூட வைக்காத மனுஷன் என்று அத்தை முணுமுணுத்தாள். அப்பா மோரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து திருவிழா வரை நான் யாரோடும் பேசவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் அத்தனை யோசித்தது அந்த வாரத்தில்தான்.

திருவிழா அன்று மேலே வண்டி நெரிசல். மாமா பிக்கப்பைக் கீழேயே நிறுத்திவிட்டார். அங்கிருந்து ஏற்றம். மருந்து என் கால்களைச் சோளத்தட்டையாக ஆக்கியிருந்தது. கொஞ்சம் ஏறினாலே முழங்கால் மடங்கும். அதற்கு முன்னால் எங்கே போனாலும் மாமாதான் தோளில் தூக்கிக்கொள்வார். வழக்கம்போலக் குனிந்து, "ஏறிக்க சாமி" என்றார். அப்பா தடுத்தார்.

"நடக்கட்டும் உடு. அவ கால்லயே வரட்டும்."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. தலையும் போகப்போகிறது, காலும் வலிக்க வேண்டுமா? அம்மாவும், "ஏனுங்க, பாவங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அப்பா கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடிக்காமல், வீம்புக்கு விடுவிடுவென்று முன்னால் நடந்தேன். நின்று நின்று ஏறினேன். அப்பா எனக்குப் பின்னாலேயே, நான் நின்றால் நின்று, நடந்தால் நடந்து வந்தார். உச்சியில் புல்வெளி திறந்தபோது காற்று வந்து மோதியது. மரமே இல்லாத சமவெளி, சுற்றிலும் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் பலூன் கடை, பொரிக் கடை, காப்பிக் கடை. இன்னொரு பக்கம் குகைக் கோயில். அதற்குச் சற்றுத் தள்ளி முடியெடுக்கிறவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்.

மொட்டையடிக்கும்போது தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்கு ஏற்பட்ட முறை அது. பத்து வயதுக்காரி உட்கார்ந்தால் கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாங்கினார். முடியெடுக்கிறவர் சடையை அவிழ்த்தார். சொம்பிலிருந்து தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்தார். குளிர்ந்த தண்ணீர். புதுப் பிளேடை உறையிலிருந்து பிரிக்கிற சத்தம் கேட்டது.

"நில்லுங்க" என்றேன். ஒரு வாரமாகப் பேசாத குரல், உரக்க வந்துவிட்டது. "சாமிக்கு எத்தனை தடவை முடி குடுக்கோணும்?"

"ஒருக்கா குடுத்தாப் போதுமுங்க" என்றார் முடியெடுக்கிறவர்.

மடியிலிருந்து எழுந்து நின்றேன். அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க மூணு பேரும் வேண்டுன அடுத்த வாரமே என்ர முடி கொட்டிருச்சு. அது சேர்வராயனுக்கு. சிவப்பு மருந்துல ரெண்டாந்தரம் கொட்டுச்சு. அது மாரியம்மனுக்கு. தலைக்கு லைட் வெச்சப்ப மூணாந்தரம். அது பழனிக்கு. எல்லாச் சாமியும் வாங்கிக்கிட்டாங்க. இப்ப இருக்கறது என்னுது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. மாமா வாயைப் பிளந்தார். அத்தைதான் முதலில் சுதாரித்தாள்.

"அது நோவுல கொட்டுனது கண்ணு. கோயில்ல எறக்குனாத்தான் சாமிக்குச் சேரும். ஆஸ்பத்திரில கொட்டுனது எப்படிச் சேரும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வாரம் காத்திருந்தேன்.

"அப்ப ஆஸ்பத்திரில சாமி இல்லீங்களா அத்தை? அங்க சாமி இல்லாட்டி, என்னைய யாரு காப்பாத்துனது? இருந்து காப்பாத்துனவரு, கண்ணு முன்னால கொட்டுன முடியை எடுத்துக்க மாட்டாரா?"

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ "அட்றா சக்கை" என்றார்கள். சத்தம் கேட்டுக் குகையிலிருந்து பூசாரி வந்துவிட்டார். இளவட்டம்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவர் தலையில் பொறுப்பு விழாமல் ஒரு வழி சொன்னார். "பூ கேட்டுப் பாத்துரலாமுங்க." வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதித்தார் என்று அர்த்தம். மாமா பூவுக்கு ஓடத் தயாரானார்.

அம்மா வேண்டாமென்றாள். "செவப்பு வந்துட்டா?" என்றாள். அப்பாவைப் பார்த்தாள். "புள்ள சொல்றது நெசந்தான்னு எனக்குப் படுது" என்றார் அப்பா. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இருட்டுக் குகைக்குள் என்னை அழைத்துப் போனாள். உள்ளே பாறை ஈரமாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயன் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் அவரோடு பேசினாள்.

"அவ குடுத்துட்டங்கறா சாமி. நானுந்தான் பாத்தேன், என்ர கையாலதான அத்தனையும் அள்ளுனேன். கணக்குல கொறை இருந்தா, குத்தமின்னு இருந்தா, என்ர தலைல வை. அவ தலையை உட்டுரு."

  என் வாதத்தின் பலத்தில் அம்மா தோற்றுவிட்டாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வேண்டுதலைக் கொடுக்காமல் விட்டால் நோய் திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தை, அந்தக் குகைக்குள் அவள் தனியாளாக வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரத்தச் சோதனையின்போதும் அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்திருப்பாள் என்பதும் எனக்கு அன்று தெரியாது. நான் ஜெயித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது முடியெடுக்கிறவர் பிரித்த பிளேடோடு உட்கார்ந்திருந்தார். மாமா அவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்து அத்தையிடம் கொடுத்துவிட்டுச் சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்றார். மாமாவின் முடி ஊருக்கே பிரசித்தம். வண்டிக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டுதான் சாவியைப் போடுவார். அது கொத்தாக விழ விழ அத்தை சிரித்தாள், கூட்டம் சிரித்தது, மாமாவே சிரித்தார். அவர் யார் மடியிலும் உட்காரவில்லை என்று நான் குற்றம் கண்டுபிடித்தேன்.

பிறகு நான் ஓடினேன். காலில் வலி இருந்ததா என்று நினைவில்லை. அவிழ்ந்த சடையை யாரும் பின்னவில்லை, நனைந்த முடி காற்றில் காய்ந்து பறந்தது. முடி கண்ணில் விழுந்தது, வாயில் புகுந்தது. மூன்று வருஷமாக அந்தத் தொந்தரவு எனக்குக் கிடைக்கவில்லை. அதை ஒதுக்குவதற்கென்றே மறுபடி மறுபடி எதிர்க்காற்றில் ஓடினேன். என்னைவிடச் சந்தோஷமான ஒரு ஜீவன் அன்று அந்த மலையில் இல்லை.

ஓடி ஓடிக் காப்பிக் கடைப் பக்கம் வந்தபோது அப்பா அங்கே நின்றிருந்தார்.

"ஒரு காப்பிங்க. நல்லா ஸ்ட்ராங்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் வந்த அம்மா பதறினாள். "ஏனுங்க, வயித்துப் புண்ணு?"

"ஆறிருச்சு" என்றார் அப்பா. டம்ளரை வாங்கி, உடனே குடிக்காமல், முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். அது ஒன்றும் நல்ல காப்பியாக இருந்திருக்காது. திருவிழாக் கடையில் சிக்கரித் தண்ணிதான் கிடைக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று புல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். குகைக்குள் அழாதவள், ஒரு டம்ளர் காப்பிக்கு அழுதாள். காப்பி குடித்தால் புண் மறுபடி வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்து, "அதான் ஆறிருச்சுன்னு சொல்றாருல்லம்மா" என்று நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

அப்பாவுக்கு ஒரு நாளும் வயிற்றில் புண் இருந்ததில்லை. நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த அன்று, சேலம் பஸ் ஸ்டாண்டில் வைத்து அம்மா அதைச் சொன்னாள். அவளுக்கே அந்தத் திருவிழாக் காப்பிக் கடை முன்னால்தான் அது புரிந்ததாம். நான் கண்ணாடி அறைக்குள் கிடந்தபோது, அப்பா ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் காப்பி வாங்கியிருக்கிறார். வாங்கியதைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்திருக்கிறார். பிள்ளை பிழைத்து, சேர்வராயன் மலையில் தன் காலாலேயே ஏறி வந்து நிற்கும் நாளில்தான் இனி உன்னைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எந்தச் சாமியிடம் சொன்னார் என்று கேட்டேன். "சாமி பேரெல்லாம் அவருக்கு ஞாபகத்துக்கு வல்லியாம் கண்ணு. அந்தக் காப்பிகிட்டயேதான் சொல்லிட்டு வந்தாராம்" என்றாள் அம்மா. மற்ற மூவரும் என் தலையில் இருந்ததைத் தருவதாக வேண்டிக்கொண்டார்கள். அப்பா தன் நாக்கில் இருந்ததைக் கொடுத்தார். மிளகாயும் புளியும் அம்மா சேர்த்துப் போட்ட வட்டி.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று மலையிறங்கும்போது நான் பிக்கப்பின் பின்புறம் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நின்றுகொண்டு, காற்றில் பறக்கிற முடியைக் கட்டவிடாமல் வந்தேன். முன்னால் வண்டியோட்டுகிற மாமாவின் மொட்டைத் தலை கண்ணாடி வழியே மின்னியது. மலையேறி எதிரில் வருகிற தெரிந்த முகங்களுக்கெல்லாம், வண்டி மெதுவாகும் இடமாகப் பார்த்து, நான் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்:

"எனக்கு நல்லாயிருச்சுங்க! எங்கப்பாவுக்கும் வயித்துப் புண்ணு ஆறிருச்சுங்க!"